பிடித்துப்போகும் வேலை

(கல்லூரி ஒன்றில் ஆற்றிய ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்யப்பட்ட வடிவம். இடையில் சொன்ன துணைச்செய்திகள் சில நீக்கப்பட்டுள்ளன. கேள்வி நேரத்தில் விளக்கிய சில கருத்துகள் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளன.)



இக்கல்லூரியில் நெடுங்காலம் நூலகராக இருந்த ஒருவரின் பெயரால், அவரிடம் புத்தகம் கேட்டு வாங்கிப் படித்த பழைய மாணவர்கள் பணம் திரட்டி நிறுவிய அறக்கட்டளை இது. பேராசிரியர்கள் பெயரிலும் புரவலர்கள் பெயரிலும் அறக்கட்டளைகள் நிறைய உண்டு. நூலகர் ஒருவர் பெயரில் அமைந்தவை மிகக் குறைவு. அதனாலேயே அழைப்பு வந்ததும் இசைந்தேன்.

தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். கல்லூரிகளுக்குப் போகும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வியையே எடுத்துக்கொண்டேன். மனத்துக்கு நிறைவு தரும் வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். சிலர் இன்னும் வெளிப்படையாக, "எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை ஐயா" என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு கூச்சம் தெரிகிறது. தங்களிடம் ஏதோ குறை இருப்பதாக நினைக்கிறார்கள்.

குறை அவர்களிடம் இல்லை. அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்த கணக்கில் இருக்கிறது. உனக்குள் ஒரு விருப்பம் ஏற்கெனவே இருக்கிறது, வெளியே அதற்கேற்ற வேலை ஒன்று காத்திருக்கிறது, ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும் என்று சொல்லி வளர்க்கிறோம். பிளஸ் ஒன் சேரும்போதே, பதினைந்து வயதில், கணிதமா உயிரியலா வணிகவியலா என்று ஒரு பிள்ளையிடம் கேட்கிறோம். எந்த வேலையையும் அருகில் நின்றுகூடப் பார்த்திராத பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்?

இன்று நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். மனநிறைவு பெரும்பாலும் வேலைக்கு முன்னால் வருவதில்லை. வேலையில் இறங்கி, அதில் கை தேர்ந்து, அது யாருக்குப் பயன்படுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்போது விளைகிறது. இந்த விளைச்சலுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவை இல்லாத இடத்தில் "பொறுத்திரு, பிடித்துப்போகும்" என்று அறிவுரை சொல்வது அநீதி. இந்த இரண்டாம் பகுதியையும் சேர்த்தே என் கருத்தை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நூலகர் பெயரால் அமைந்த மேடை என்பதால், சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதனின் வாழ்க்கையை முன்வைத்தே பேசுகிறேன்.

1. வேண்டா வெறுப்பாகத் தொடங்கியவர்

இந்திய நூலகவியலின் தந்தை என்று எஸ். ஆர். ரங்கநாதனை அழைக்கிறோம். ஆகஸ்ட் மாதத்தில் அவர் பிறந்தநாளை நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். இப்படிக் கொண்டாடும்போது, சிறு வயதிலிருந்தே புத்தகங்களுக்கு நடுவே வாழ ஆசைப்பட்டவர் என்று ஒரு சித்திரம் நம் மனத்தில் விழுந்துவிடுகிறது. நடந்தது வேறு.

1892-இல் பிறந்த ரங்கநாதன் கணித மாணவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் எட்வர்ட் ராஸ் என்னும் பேராசிரியரிடம் படித்து முதுகலைப் பட்டம் பெற்றார். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்தார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசுக் கல்லூரிகளில் கற்பித்துவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். பேச்சில் திக்கல் உடையவர். அதை வென்று வகுப்பறையில் நின்றவர். கற்பிப்பது அவருக்குப் பிடித்த வேலை. அதில் நல்ல பெயரும் எடுத்திருந்தார்.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடியது. ஆசிரியர் வேலையைவிடச் சம்பளம் கூடுதல். நண்பர்கள் வற்புறுத்தினார்கள். விண்ணப்பித்தார். நூலகப் பணி பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. நேர்முகத் தேர்வுக்கு முன் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. பதவி கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

தொடக்கத்திலேயே அவருக்குத் தாங்கவில்லை. மாணவர்களின் முகங்களைப் பார்த்துப் பழகியவருக்கு ஆளரவம் இல்லாத அந்த அறை சிறையாகத் தோன்றியது. திரும்பவும் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். பல்கலைக்கழகம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மாநிலக் கல்லூரி இடம் உங்களுக்கு உண்டு என்றார்கள். அந்த ஒப்பந்தத்தோடுதான் கப்பல் ஏறினார்.

இந்த இடத்தில் அவரை நிறுத்திப் பாருங்கள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பிடித்த வேலையை விட்டுப் பிடிக்காத வேலைக்கு வந்திருக்கிறார். இன்றைய தொழில் வழிகாட்டி எவரிடம் அவர் ஆலோசனை கேட்டிருந்தாலும், "உங்கள் மனம் வகுப்பறையில் இருக்கிறது, திரும்பிப் போங்கள்" என்றே சொல்லியிருப்பார்கள். போயிருந்தால் நல்ல கணித ஆசிரியர் ஒருவராக ஓய்வு பெற்றிருப்பார்.

2. பழைய திறமை புதிய இடத்தில் வேலை செய்தது

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்குக் கற்பித்தவர் பெர்விக் சேயர்ஸ். குராய்டன் நகர நூலகத்தின் தலைவர் அவர். வகுப்பறைப் பாடத்தோடு நிறுத்தாமல் நூலகங்களைச் சுற்றிப் பார்க்கவும் ரங்கநாதனைத் தூண்டினார். ஒவ்வொரு நூலகத்திலும் புத்தகங்களை ஒவ்வொரு முறையில் அடுக்கியிருந்தார்கள். ஒரு நூலகத்தில் கண்ட ஒழுங்கு இன்னொன்றில் இல்லை. கணிதக்காரர் கண்ணுக்கு அது உறுத்தியது.

மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்புமுறையில், அறிவுத்துறைகளுக்கு முன்கூட்டியே எண்களைக் கொடுத்து வைத்திருந்தார்கள். புதிய பொருள் பற்றி ஒரு நூல் வந்தால், இருக்கும் கட்டங்களில் ஒன்றில் அதைத் திணிக்க வேண்டும். லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை ரங்கநாதன் பார்த்தார். துளையிட்ட இரும்புப் பட்டைகளும் திருகாணிகளும் கொண்டு வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். புத்தகத்தின் பொருளையும் இப்படிச் சிறு கூறுகளாகப் பிரித்துக்கொண்டு, வேண்டியபோது இணைத்து எண் அமைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தஞ்சை மாவட்டத்தில் 1950களில் நெற்பயிரைத் தாக்கிய நோய்க்குச் செய்த தடுப்பு பற்றி ஒரு நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பயிர், நோய், தடுப்பு, இடம், காலம் என்று கூறுகள் தனித்தனியே நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குறியீடு கொடுத்து இடையே முக்காற்புள்ளி போன்ற குறிகளை இட்டுக் கோத்துவிடலாம். இதுதான் 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிப்பது இந்தச் சிந்தனையை.

இதில் கணிதம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. ஒரு சிக்கலை அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, சில விதிகளிலிருந்து முழு அமைப்பையும் எழுப்பும் பழக்கம் வகுப்பறையில் வளர்ந்தது. அது நூலகத்தில் பயன்பட்டது. 1931-இல் அவர் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளைப் பாருங்கள். நூலகப் பணி முழுவதையும் ஐந்து எளிய வாக்கியங்களிலிருந்து வருவித்துக் காட்டும் துணிச்சல் கணிதம் படித்தவருக்கு இயல்பாக வருவது.

உ. வே. சாமிநாதையரிடமும் இதைப் பார்க்கிறோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் 1876-இல் ஆசிரியர் மறையும்வரை அவர் படித்தவை பெரும்பாலும் அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், தலபுராணங்கள். பின்னாளில் அவருக்குப் புகழ் தந்த நூல்கள் அந்தப் பாடத்திட்டத்திலேயே இல்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே ஆண்டு அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்து 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. தொடர்ந்து 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. ஏடு படிக்கும் கண்ணும், பாட்டை மனத்தில் நிறுத்தும் பயிற்சியும், உரை நயம் அறியும் பக்குவமும் பிள்ளையவர்களிடம் பெற்றவை. வாழ்நாள் பணி எது என்று இருபத்தைந்து வயது வரை ஐயருக்கே தெரியாது. அதைச் சுட்டிக்காட்டியவரும் இன்னொருவர்தான்.

ஆகவே மாணவர்களே, "இந்தப் படிப்பு எனக்கு எந்த வேலைக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். இதில் எந்தப் பழக்கம் என் கையில் ஒட்டுகிறது என்றும் கேளுங்கள். ஒன்றை ஆழமாகக் கற்றவரிடம்தான் பிறர் வந்து கேள்வி கேட்பார்கள்.

3. வழி அடைபட்டபோது

விரும்பிய வழி அடைபட்ட ஒருவரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக விரும்பினார். பிரசவத்தில் உறவுப் பெண்கள் இறந்ததைக் கண்ட துயரத்தில் எழுந்த விருப்பம் அது. ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கடுமையான முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப்போயின. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பிறகு கண் மருத்துவம் படித்து, தன் விரல்களுக்கேற்ற கருவிகளைச் செய்வித்து, அறுவை செய்யக் கற்றார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

விரும்பிய துறை கிடைக்காத மாணவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். நீட் தேர்வில் மதிப்பெண் போதாமல் இங்கே வந்தவர்கள் இருக்கலாம். இரண்டாவது வழி என்பதாலேயே அது தாழ்ந்த வழி ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

4. வேலை போய்ச் சேரும் இடத்தைப் பார்ப்பது

ரங்கநாதன் மனம் மாறியதற்குப் பகுப்புமுறைச் சிக்கல் மட்டும் காரணம் அன்று. பிரிட்டனின் பொதுநூலகங்களில் யார் வந்து படித்தார்கள் என்பதையும் அவர் பார்த்தார். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. வேலை முடிந்து தொழிலாளர்கள் வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். சென்னையில் தான் விட்டு வந்த அந்த ஆளற்ற அறை இப்படியும் இருக்கலாம் என்று தெரிந்தது. ஊர் திரும்பியபின் மாநிலக் கல்லூரி இடத்தை அவர் கேட்கவில்லை.

அடுத்து இருபது ஆண்டுகள் பல்கலைக்கழக நூலகத்தில் ஓயாமல் உழைத்தார். பூட்டிய அலமாரிகளின் இடத்தில், வாசகர் தாமே போய் எடுத்துப் பார்க்கும் திறந்த அடுக்குகளைக் கொண்டுவந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவாகப் பாடுபட்டார். அந்த இயக்கத்தின் ஊக்கத்தில் 1931-இல் மன்னார்குடி வட்டத்தில் எஸ். வி. கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகச் சட்டத்துக்கு ஒரு முன்மாதிரியை ரங்கநாதன் 1930-இலேயே எழுதி முன்வைத்திருந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்பட்டு, ஊர்ப்புற நூலகங்கள் நிற்க ஒரு நிலையான வருவாய் கிடைத்தது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நீங்கள் நாளிதழ் படித்திருந்தால் அந்தச் சட்டத்தின் பயனைப் பெற்றவர்கள் நீங்கள்.

2001-இல் ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி எழுதினார்கள். ஒரே சம்பளம், ஒரே பணி விவரம். சிலர் தரை துடைப்பதே தங்கள் வேலை என்றார்கள். வேறு சிலர் நோயாளிகளோடும் செவிலியரோடும் பேசி, யாருக்கு எப்போது தொந்தரவு இராது என்று பார்த்துத் தங்கள் நேரத்தை அமைத்துக்கொண்டார்கள். நோயாளி குணமடைவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாக உணர்ந்தார்கள். அந்த உணர்வை எந்த மேலதிகாரியும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பயனை அருகில் நின்று பார்த்ததில் வந்தது.

நம் அலுவலகங்களில் பெரும்பாலான வேலைகள் இந்தக் காட்சியை மறைத்துவிடுகின்றன. வட்டாட்சியர் அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக் கோப்பைப் புரட்டும் இளநிலை உதவியாளருக்கு, அந்தப் பணம் கைக்கு வந்த நாளில் ஒரு மூதாட்டி வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. வேலை அலுத்துப்போவதற்கு இது பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன். மாணவர்கள் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் செய்ய வேண்டியது, தங்கள் மேசையைத் தாண்டி ஒரு கோப்பு எங்கே போகிறது என்று ஒரு முறையாவது தொடர்ந்து போய்ப் பார்ப்பது.

இன்னோர் ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் ஆகியோர் 2018-இல் வெளியிட்டது. ஆர்வம் என்பது உள்ளே ஏற்கெனவே இருப்பது என்று நம்பும் மாணவர்கள், பிடித்த பொருள் சற்றுக் கடினமானவுடன் ஆர்வம் இழந்தார்கள். ஆர்வம் வளரக்கூடியது என்று நம்பியவர்கள் அப்படி எளிதில் விட்டுவிடவில்லை. "உன் விருப்பத்தைக் கண்டுபிடி" என்ற அறிவுரை, நல்லெண்ணத்தோடு சொன்னாலும், முதல் தடையிலேயே ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது என் கவலை.

5. கதவு திறந்திருக்க வேண்டும்

இனி நிபந்தனைகளுக்கு வருகிறேன். ரங்கநாதன் தங்கினார் என்கிறோம். எப்படித் தங்க முடிந்தது? திரும்பிப் போக இடம் இருந்தது. பிடிக்காவிட்டால் பழைய வேலை உண்டு என்ற உறுதி இருந்ததால்தான், அச்சமில்லாமல் புதிய வேலையை முழு மனத்தோடு பார்க்க முடிந்தது. எம்.ஏ. பட்டமும் லண்டன் பயணமும் அந்நாளில் எத்தனை பேருக்குக் கிடைத்தன, எந்தச் சாதியினருக்குக் கிடைத்தன என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

தமிழ்நாட்டில் வேலையின் பொருள் பற்றிப் பேசுகிறவர் 1953-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று திட்டம் வகுத்தது. உழைப்பின் மேன்மை, கைத்தொழிலின் மதிப்பு என்றெல்லாம் அதற்கு நியாயம் சொன்னார்கள். குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அந்த எதிர்ப்பு கைத்தொழிலை இழிவுபடுத்தியது என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. குயவர் சக்கரத்திலும் நெசவாளர் தறியிலும் ஆழ்ந்த நுட்பம் இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டுப் போகவே முடியாது என்று பிறப்பால் கட்டிவைக்கப்பட்டவருக்கு அந்த நுட்பம் எப்படி நிறைவு தரும்? போக முடிந்தவர் தங்கும்போதுதான் அது தேர்வு. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் மனிதர்கள் இறக்கிறார்கள். அந்த வேலையில் பொருளைத் தேடச் சொல்வது கொடுமை. அதை ஒழிப்பது ஒன்றே வழி.

வீட்டுக்கடனும் தங்கை திருமணமும் தோளில் இருக்கும் இளைஞர் பிடிக்காத வேலையில் நீடித்தால், அவரிடமும் என் கருத்தைச் சொல்லி ஆறுதல்படுத்த மாட்டேன். அவருக்கு வேண்டியது கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் ஓய்வு, வேறொன்றைக் கற்றுக்கொள்ள மாலையில் ஒரு மணி நேரம். பெற்றோர்கள் இங்கே இருக்கிறீர்கள். படிப்பை முடித்த பிள்ளைக்கு ஓராண்டு அவகாசம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். ரங்கநாதனுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது அதைத்தான்.

6. நிறைவு ஊதியத்துக்கு ஈடாகாது

பொருள் பொதிந்த வேலை என்ற சொல்லை வைத்தே மனிதர்களை ஏமாற்றவும் முடியும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-இல் தொடங்கியது. கருவுற்ற தாய்க்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி எல்லாம் அங்கன்வாடி வழியே போகின்றன. இந்த நாட்டில் இதைவிடப் பயனுள்ள வேலை குறைவு. ஆனால் மத்திய விதிகளின்படி அங்கன்வாடி ஊழியர்கள் மதிப்பூதியப் பணியாளர்கள். பணிக்கொடைக்கு இவர்களுக்கும் உரிமை உண்டு என்று சொல்ல 2022-இல் உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது. நம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவர்களையும் நினைக்கிறேன். அவர்களில் சிலர் இந்த அரங்கிலும் இருக்கலாம். தொண்டு, சேவை, கௌரவம் என்ற சொற்கள் சம்பளப் பட்டியலில் வரும்போது எச்சரிக்கையாக இருங்கள். நிறைவாக வேலை செய்கிறவர் கூலி கேட்கக்கூடாது என்பது வேலை கொடுப்பவருக்கு வசதியான நம்பிக்கை.

ரங்கநாதன் பிற்காலத்தில் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, துணைவியார் சாரதா பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்று அமையச் செய்தார். அந்தக் கொடையின் அளவைவிட அதன் இலக்கு என்னைக் கவர்கிறது. அவர் நிறுவியது ஒரு சம்பளத்தை. நூலகவியல் கற்பிக்க வருகிறவருக்கு உரிய ஊதியத்தோடு ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டு வட்டியில் இந்தச் சொற்பொழிவுச் செலவு போக ஏதாவது மிஞ்சினால், இரண்டாம் ஆண்டு மாணவர் சிலரைக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் வேலை நடக்கும் இடங்களுக்கு அனுப்புங்கள். கிளை நூலகம், ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வகம், கூட்டுறவு நெசவாளர் சங்கம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம் எதுவானாலும் சரி. போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும் அறக்கட்டளை கொடுக்கட்டும். அங்கே இருப்பவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார், அது யாருக்குப் போகிறது, எங்கே தடைபடுகிறது என்று மாணவர் எழுதிக்கொண்டு வரட்டும். முதல் ஆண்டுக்குப் பத்துப் பேர் போதும். கிளை நூலகங்களில் தொடங்குவதாக இருந்தால், மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.